கல்யாண வீடியோ எடிட்டிங் லேப்டாப்புக்கு எந்த எஸ்எஸ்டி வாங்கலாம்?

கும்பகோணம்_கட்ஸ்:
வணக்கம். மூன்று ஸ்டுடியோக்களுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறேன். லேப்டாப் ரைசன் 7, 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3050. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்தால் 400 ஜிபியைத் தாண்டிவிடும். ஸ்டுடியோக்காரர்கள் அதை எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் கொடுத்து அனுப்புவார்கள், உள்ளே காப்பி செய்துகொண்டு பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் வேலையை ஆரம்பிப்பேன். லேப்டாப்போடு வந்த 512 ஜிபி இதற்குப் போதவே இல்லை. உள்ளே இன்னொரு எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கிறது. கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று 2 டிபி, கியூஎல்சி வகை (ஒரு மெமரி செல்லில் நான்கு பிட்), நொடிக்கு 5000 எம்பி என்று பெட்டியில் இருக்கிறது. இன்னொன்று டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்), 7000 எம்பி, ஆனால் என் கையில் இருக்கும் பணத்துக்கு 1 டிபிதான் வரும். மல்டிகேமில் இரண்டு கேமராவையும் போட்டால் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது, வேகமான எஸ்எஸ்டி போட்டால் அது சரியாகுமா? வைகாசி முகூர்த்தம் தொடங்குவதற்குள் வாங்கிவிட வேண்டும்.

டைம்லைன்:
நண்பரே, திக்குவதற்கு டிஸ்க் காரணமாக இருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமரா 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) பதிவு செய்தால் அது நொடிக்கு 12.5 எம்பிதான், இரண்டு கேமராவுக்கும் சேர்த்து 25 எம்பி. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 500 எம்பிக்கு மேல் படிக்கும். 4கே புரோரெஸ் 422 ஹெச்க்யூ மாதிரி கனமான ஃபைல்கூட 25 ஃபிரேமில் நொடிக்கு 92 எம்பி பக்கம்தான். டைம்லைனை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் டிஸ்க், சிபியு, ஜிபியுவில் வீடியோ டீகோட் (சுருக்கிய வீடியோவை விரிப்பது) மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். ஃபுட்டேஜ் எந்த கோடெக் (வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறை) என்றும் கேளுங்கள்.

கும்பகோணம்_கட்ஸ்:
பார்த்தேன் அண்ணே. டிஸ்க் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை, சிபியு முட்டிக்கொண்டு நிற்கிறது, வீடியோ டீகோட் அசையவே இல்லை. ஹெச்.265, 10 பிட், 4:2:2 என்று ஸ்டுடியோவில் சொன்னார்கள்.

டைம்லைன்:
அப்போது அதுதான் விஷயம். அந்த வகை ஃபைலை உங்கள் 3050 வன்பொருளில் டீகோட் செய்யாது. என்விடியாவில் 50 சீரிஸில்தான் அது வந்தது, இன்டெலில் 11ஆம் தலைமுறை சிப்களின் உள் கிராபிக்ஸே செய்துவிடும். அதனால் பாரம் முழுக்க சிபியு தலையில் விழுகிறது. எந்த எஸ்எஸ்டி போட்டாலும் இது மாறாது. பிரீமியரிலேயே பிராக்ஸி (எடிட் செய்ய மட்டும் இலகுவான நகல் ஃபைல்) போட்டுக்கொள்ளுங்கள், ராத்திரி ஓடவிட்டால் காலையில் தயாராக இருக்கும், செலவும் இல்லை.

சர்வீஸ்_மேசை:
டைம்லைன் சொன்னது சரி. ஆனாலும் அந்த கியூஎல்சியை வாங்காதீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் 5000 எம்பி, கேஷ் (வேகமாக எழுத வைத்திருக்கும் தற்காலிக இடம்) நிறையும் வரைக்கும்தான். ஒரு செல்லில் நான்கு பிட் எழுதுவது மெதுவான வேலை, அதனால் முதலில் ஒரு செல்லுக்கு ஒரு பிட் என்று வேகமாக வாங்கி வைத்துக்கொண்டு பிறகு மடித்து அடுக்குகிறது. டிஸ்க் நிறைய நிறைய அந்தக் கேஷும் சுருங்கும். நான் ஒரு கியூஎல்சி டிஸ்க்கில் முக்கால்வாசி நிறைந்த பிறகு 300 ஜிபி காப்பி போட்டேன், கொஞ்ச நேரத்தில் 100 எம்பிக்குக் கீழே விழுந்துவிட்டது, பழைய ஹார்ட் டிஸ்க்கே தேவலை. எஸ்டி கார்டிலிருந்து நேராகக் காப்பி செய்பவர்களுக்கு இது தெரியாது, சாதாரண யூஹெச்எஸ்-1 கார்டே 104 எம்பிக்கு மேல் போகாது. உங்களுக்கு எஸ்எஸ்டியிலிருந்து எஸ்எஸ்டிக்கு 400 ஜிபி, கட்டாயம் தெரியும்.

டிஎல்சிதான் வாங்க வேண்டும், அதிலும் 2 டிபி. அதற்கு 7000 எம்பி வேண்டாம், ஜென் 3 (பிசிஐஇ இணைப்பின் மூன்றாம் தலைமுறை) டிஎல்சி 3500 எம்பி கொடுத்தாலே உங்கள் வேலைக்குத் தாராளம். வாரண்டியில் டிபிடபிள்யூ (மொத்தம் எத்தனை டிபி எழுதலாம்) எண்ணைப் பாருங்கள்: சாம்சங் 990 புரோ 2 டிபிக்கு 1200 டிபி எழுதும் வரை உத்தரவாதம், கியூஎல்சியில் இது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். வாங்குவதற்கு முன் லேப்டாப்பின் மேனுவலைப் பாருங்கள், சில மாடல்களில் இரண்டாவது ஸ்லாட் 2280 (22 மிமீ அகலம், 80 மிமீ நீளம்) அளவுக்கு இடம் கொடுக்காது, சிலவற்றில் சாட்டா மட்டும்தான் எடுக்கும். ஹீட்சிங்க் ஒட்டியே வரும் மாடல் வேண்டாம், லேப்டாப் மூடி மூடாது.

கேண்டிட்_கேமரா:
தம்பி, ஒன்று மட்டும். எஸ்எஸ்டியில் டிரிம் (அழித்த ஃபைலின் இடத்தை டிஸ்க்கே காலி செய்துவிடும் வசதி) இருப்பதால் தவறி அழித்த ஃபைலை மீட்பது அநேகமாக முடியாது. டெலிவரி கொடுத்துப் பார்ட்டி சரி சொல்லும் வரை ஸ்டுடியோவின் டிரைவைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், இல்லையென்றால் ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தாலி கட்டும் ஷாட்டை மறுபடி எடுக்க முடியாது.

கும்பகோணம்_கட்ஸ்:
நன்றி அண்ணே. மேனுவல் பார்த்தேன், ஸ்லாட் 2280, ஜென் 3தான். 2 டிபி ஜென் 3 டிஎல்சி தேடுகிறேன், மிச்சப் பணத்துக்கு ஹார்ட் டிஸ்க். இன்று ராத்திரி பிராக்ஸி போட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன்.