லெட்டி பன்றிப் பண்ணைக்கு 45 கோடி கொருனா: தேவைதானா?

கணக்குப்பிள்ளை:
செக் குடியரசின் தெற்கு பொஹேமியாவில் லெட்டி என்று ஒரு சிற்றூர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ரோமா மக்களை (ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்டவர்கள்) குடும்பம் குடும்பமாக அடைத்துவைத்த முகாம் இருந்தது. 1970களில் கம்யூனிஸ்ட் ஆட்சி அதே இடத்தில் பெரிய பன்றிப் பண்ணை கட்டியது. 2017இல் செக் அரசு அந்தப் பண்ணையைச் சுமார் 45 கோடி கொருனாவுக்கு (செக் நாணயம்) வாங்க ஒப்பந்தம் போட்டது. 2022இல் இடித்தார்கள், 2024இல் நினைவிடம் திறந்தார்கள். அன்றைய மதிப்பில் நம் பணம் 130 கோடி ரூபாய்க்கு மேல்.

முகாமில் நடந்த கொடுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு உயிரோடிருக்கும் ரோமா குடும்பங்கள் பல, தொழிலாளர் விடுதிகளில் ஒற்றை அறைக்குள் முடங்கிக் கிடக்கின்றன. வாடகையோ அநியாயம். அரசு தரும் வீட்டு உதவித்தொகை கடைசியில் விடுதி முதலாளியின் பைக்குத்தான் போகிறது. செக் நாட்டிலேயே இதை 'வறுமை வியாபாரம்' என்கிறார்கள். அந்த 45 கோடியில் எத்தனை குடும்பத்துக்கு வீடு கொடுத்திருக்கலாம்? செத்தவருக்குக் கோயில், இருப்பவருக்குத் திண்ணையா?

பிர்னோவாசி:
கணக்குப்பிள்ளை சார், பணம் பண்ணை வைத்திருந்த நிறுவனத்துக்குப் போயிற்று என்பதே எனக்கும் வயிற்றெரிச்சல். ஆனால் அது ஏன் அவ்வளவு பெரிய தொகையாக வந்து நின்றது என்று பாருங்கள். 1995இல் அதிபர் ஹாவெல் பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நினைவுச் சின்னத்தைத் திறந்துவைத்தார். பண்ணை அப்படியே ஓடியது. அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேல், வந்த அரசுகள் எல்லாம் 'செலவு அதிகம்' என்று தட்டிக்கழித்தன.

இன்னொன்று. இது மேலிருந்து யாரோ கொடுத்த திட்டம் இல்லை. ரோமா மக்களே கேட்டது. செனெக் ரூழிச்கா என்பவர் தன் உறவினர்களை அந்த முகாமில் இழந்த குடும்பத்தில் பிறந்தவர். ஆண்டுதோறும் மே மாதம் அங்கே அஞ்சலிக் கூட்டம் நடத்தினார். நாற்றத்துக்கு நடுவில்தான். 2022 டிசம்பரில் இறந்துவிட்டார், திறப்பு விழாவைப் பார்க்கவில்லை. 'வீடுதான் உங்களுக்கு முக்கியம், நினைவிடம் வேண்டாம்' என்று அவரிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை?

நேர்ப்பேச்சு:
உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பேசுவோமே. போருக்கு முன்பு அங்கே இருந்த செக் ரோமாக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், திரும்பி வந்தவர்கள் சுமார் 600 பேர். இப்போது இருப்பவர்களில் பெரும்பகுதி போருக்குப் பின் ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள். லெட்டி அவர்கள் முன்னோர் கதையே இல்லை. அப்புறம், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஒழுங்காக அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். அதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

தேன்மொழி:
நேர்ப்பேச்சு அவர்களே, ஸ்லோவாக்கியாவிலிருந்து அவர்கள் ஏன் வந்தார்கள்? எல்லைப் பகுதியிலிருந்து ஜெர்மானியர்களை வெளியேற்றிய பிறகு ஊர்கள் காலி, தொழிற்சாலைகளுக்கு ஆள் இல்லை. கூலிக்கு வேண்டியிருந்தபோது வரவழைத்தார்கள். 1993இல் செக்கோஸ்லோவாக்கியா செக், ஸ்லோவாக்கியா என இரண்டானதும் புதுக் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஐந்து வருடம் குற்றப் பதிவு இருக்கக்கூடாது, அது இது என்று நிபந்தனைகள். அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் குடியுரிமை இல்லாமல் நின்றார்கள்.

பள்ளிக்கு வருகிறேன். ஒஸ்த்ராவா நகரில் 1990களின் இறுதியில், ரோமா குழந்தை ஒன்று 'சிறப்புப் பள்ளி'யில், அதாவது மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான பள்ளியில், தள்ளப்படும் வாய்ப்பு மற்றக் குழந்தையைவிட 27 மடங்கு. அனுப்பாமல் இல்லை, அனுப்பினார்கள். அனுப்பிய பிள்ளையை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். பெரும்பான்மைச் செக் குழந்தைகளை அளவாக வைத்துச் செய்த சோதனையில் மதிப்பெண் குறைந்தால் முத்திரை குத்திவிடுவார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டார்களே என்று அரசு வாதாடியது. 18 குழந்தைகள் தொடுத்த வழக்கில் 2007 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 13க்கு 4 என்று, இது பாகுபாடுதான் எனத் தீர்ப்புச் சொன்னது. விவரம் சொல்லாமல் வாங்கிய கையெழுத்து சம்மதமாகாது என்பதுதான் சாரம்.

கணக்குப்பிள்ளை:
தேன்மொழி, என் வாதத்துக்கே ஆதாரம் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். தீர்ப்பு வந்தது 2007இல். அதற்கு முன்பே பெயரை மட்டும் மாற்றி 'நடைமுறைப் பள்ளி' ஆக்கிவிட்டார்கள். 2014இல் ஐரோப்பிய ஆணையமே செக் மீது நடவடிக்கை தொடங்கவேண்டி வந்தது. அதற்கப்புறமும் ரோமா பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. ஏன்? பள்ளியைக் கலக்கப் போனால் ஓட்டு போய்விடும். பண்ணையை வாங்கினால் அவ்வளவு எதிர்ப்பு கிடையாது. ஒரே ஒப்பந்தம், ஒரு திறப்பு விழா. சுலபமானதைச் செய்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டார்கள். என் கோபம் ரூழிச்கா மீது இல்லை.

பிர்னோவாசி:
'அவ்வளவு எதிர்ப்பு கிடையாது' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 2016இல் நிதியமைச்சராக இருந்த பாபிஷ், லெட்டி வதைமுகாமே இல்லை, வேலை முகாம்தான் என்கிற தொனியில் பேசிவிட்டு மன்னிப்புக் கேட்டார். 2018இல் ஒகமுரா என்ற கட்சித் தலைவர் முகாமுக்கு வேலியே சரியாக இல்லை என்றார். அங்கே அடைக்கப்பட்டவர்கள் சுமார் 1,300 பேர். 300க்கு மேற்பட்டவர்கள் அங்கேயே செத்தார்கள், 500க்கு மேற்பட்டவர்கள் ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். காவல் நின்றது ஜெர்மானியர் அல்ல, செக் காவலர்கள். அதனால்தான் இத்தனை வருடம் இழுத்தார்கள்.

இதே குணம்தான் கருத்தடை விஷயத்திலும். ரோமா பெண்களுக்கு முறையான சம்மதம் இல்லாமல் மருத்துவமனைகளில் கருத்தடை செய்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகும் நடந்தது. 2005இல் மக்கள் குறைதீர்ப்பாளர் மோட்டெய்ல் அறிக்கை கொடுத்தார், 2009இல் அரசு வருத்தம் தெரிவித்தது. இழப்பீட்டுச் சட்டம் வர 2021 ஆயிற்று, தலைக்கு 3 லட்சம் கொருனா. ஒஸ்த்ராவாவைச் சேர்ந்த எலெனா கோரொலோவா போன்ற பெண்கள் விடாமல் அலைந்ததால் கிடைத்தது. நடந்ததை ஒப்புக்கொள்ள வைக்காமல் ஒரு கொருனாகூட வந்திருக்காது.

நேர்ப்பேச்சு:
நீதிமன்றத் தீர்ப்பு பற்றித் தேன்மொழி சொன்னது சரி. ஆனால் சாதாரண செக்காரன் பக்கத்து வீட்டு அனுபவத்தை வைத்துத்தான் பேசுவான். அவனை லெட்டிக்குக் கூட்டிப்போனால் மனசு மாறிவிடுமா?

தேன்மொழி:
அந்தச் சாதாரண செக்காரனில் ரோமாக்களும் உண்டு. மதிப்பீடு இரண்டரை லட்சம் பேர், கணக்கெடுப்பில் தங்களை ரோமா என்று எழுதிக்கொள்பவர்கள் அதில் ஒரு சிறு பங்கு. எழுதினால் என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
சரி, பிர்னோவாசிக்கு ஒரே கேள்வி. வகுப்பில் ரோமா பிள்ளைகள் கூடினால், மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுகிறார்கள். அதை நினைவிடம் எப்படித் தடுக்கும்?

பிர்னோவாசி:
தடுக்காது. அது நகராட்சியின் வேலை. எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்று எல்லை வரைவது நகராட்சி. ரோமா தெருக்களை ஒரே பள்ளிக்குள் அடைக்காமல் நாலு பள்ளிக்குப் பிரித்து வரைந்தால் பாதி வேலை அங்கேயே முடியும். அதற்கு 45 கோடி வேண்டாம் சார், நகரமன்றத்தில் பெரும்பான்மை இருந்தால் போதும். பிர்னோ நகரில் ரோமாக்கள் அதிகம் வாழும் ப்ராட்டிஸ்லாவ்ஸ்கா தெருவில்தான் ரோமா கலாச்சார அருங்காட்சியகம் இருக்கிறது, 1991இல் தொடங்கியது. லெட்டியையும் இப்போது அவர்கள்தான் நடத்துகிறார்கள். அவர்களைப் பிடித்து பள்ளி எல்லை பற்றிக் கேட்டு என்ன பயன்? கேட்க வேண்டியது நகரமன்றத்தில், தேர்தல் நேரத்தில்.

கணக்குப்பிள்ளை:
நான் கேட்டதும் அதேதான். லெட்டிக்கு இருபது வருடம் நெருக்கினார்கள், பள்ளி எல்லைக்கு அப்படி நெருக்க யார் இருக்கிறார்கள்?