‘ஊறு’ என்ற சொல்லை எங்கெல்லாம் போடலாம்?

நண்பர்களே, ஒரு மருந்துக் கையேட்டை மெய்ப்புப் பார்க்கிறேன். அதில் ‘கல்லீரலுக்கு ஊறு விளைவிக்கும்’ என்று வருகிறது. அது சரிதான். ஆனால் அடுத்த பக்கத்திலேயே ‘ஊசிக்குழல் ஊறு அடைந்திருந்தால் பயன்படுத்த வேண்டாம்’ என்று இருக்கிறது. என் காதுக்கு இது ஒட்டவே இல்லை. பொருளுக்குச் ‘சேதம்’தானே?

கெடு, கேடு ஆனதுபோல உறு என்பதுதான் நீண்டு ஊறு ஆனது என்று தெரியும். (ஊறுகாய்க்கும் இதற்கும் உறவில்லை, அது ஊறுகிற காய்!) குறளிலேயே இரண்டு பொருள் இருக்கிறது: ‘சுவைஒளி ஊறுஓசை’ என்னும் 27ஆம் குறளில் தொடு உணர்வு, ‘ஊறொரால்’ என்று தொடங்கும் 662இல் இடையூறு. உற்றது எல்லாம் ஊறு என்றால், தொடுவதும் அதுதான், வந்து தாக்குவதும் அதுதான் போல.

சரி, என் சந்தேகம் இன்றைய வழக்கைப் பற்றியது. உயிருள்ளவற்றுக்கு மட்டும்தான் ஊறா? ‘நற்பெயருக்கு ஊறு’ என்று எழுதலாமா, இல்லை களங்கம்தான் பொருந்துமா? பொது அமைதி என்றால் உடனே குந்தகம் வந்து நிற்கிறது, அங்கே ஊறு செல்லுமா? அப்புறம், ‘ஊறு அடைந்தது’ என்று எங்காவது படித்திருக்கிறீர்களா? ‘ஊறு நேர்ந்தது’ மட்டும்தான் எனக்குப் பழக்கம். எடுத்துக்காட்டோடு சொன்னால் ஆசிரியரிடம் காட்ட வசதியாக இருக்கும்.