ஸ்டாப் பட்டனை மூலையில் வைக்கலாமா? டச் பேனல் வரைபவர்கள் வரவும்

கிரிட்_காட்பாடி:
நேற்று ஒருவர் தோல் பதனிடும் டிரம்மை (சுழலும் பெரிய பீப்பாய்) இயக்கும் டச் பேனலின் திரைப் படம் போட்டு "நன்றாக இருக்கிறதா" என்று கேட்டிருந்தார். பட்டன்கள் திருவிழாக் கடை மாதிரி இறைந்து கிடந்தன. விதி எளிது. இடது கீழ் மூலையில் ஸ்டார்ட், வலது கீழ் மூலையில் ஸ்டாப், இரண்டும் ஒரே அளவு, நடுவில் டிரம் படம். அதுதான் சமநிலை. ராணிப்பேட்டைப் பக்கம் இதை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

டிரம்மடி:
ராணிப்பேட்டைக்காரன்தான் பேசுகிறேன். தம்பி எந்தத் தோல் கம்பெனிக்குள் கால் வைத்தார் என்று தெரியவில்லை. ஓடும் பேனலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கண்ணாடியும் சட்டமும் சேரும் இடத்தில் சுண்ணாம்பும் கொழுப்பும் இறுகி வெள்ளைக் கோடாக நிற்கும். ரப்பர் கையுறை போட்ட விரல் சட்டத்தில் இடிக்குமே தவிர மூலைக்குள் போகாது. ஸ்டாப்பை மூலையில் வைக்கக் கூடாது.

கிரிட்_காட்பாடி:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். கை வேகமாக எட்டும் இடம் மூலைதான். பெரியதும் கிட்டே இருப்பதும் சீக்கிரம் கைக்கு எட்டும் என்கிற ஃபிட்ஸ் விதி, 1954. படித்தவர்களுக்குத் தெரியும்.

டிரம்மடி:
படித்த சாருக்கு வணக்கம். மூலை கணக்கெல்லாம் மவுஸுக்கு. அம்புக்குறி ஓரத்தில் தானாக நின்றுவிடும், அதனால் மூலை தப்பாது. விரல் அப்படி நிற்காது, சட்டத்தில் போய் விழும். ஃபிட்ஸ் சோதித்ததோ கையில் உலோகக் குச்சியைக் கொடுத்துத் தகட்டைத் தட்டச் சொல்லி. அதில் மூலை எங்கே வந்தது?

வாலாஜா_வயர்மேன்:
சமநிலை என்று எதைச் சொல்கிறீர்கள்? கண்ணுக்கா, கைக்கா? அதைப் பேசிவிட்டு மூலைக்கு வரலாமே.

கிரிட்_காட்பாடி:
டிப்ளமோவில் குச்சி வரைக்கும்தான் பாடம் போல. மூலைதான் சரி.

டிரம்மடி:
ஆமாம், டிப்ளமோதான். பெல் (BHEL) கம்பெனியில் அப்ரண்டிஸ் முடித்துவிட்டு வந்தவன். டிகிரி சார் ஒன்று தெரிந்துகொள்ளட்டும். தோலை இறக்கும் நேரத்தில் டிரம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி மூடியை முன்பக்கம் கொண்டுவர வேண்டும். நிறுத்தினாலும் உள்ளே இருக்கும் தண்ணீரும் தோலும் சேர்ந்து டிரம்மைப் பின்னால் உருட்டும். ஆபரேட்டரின் கண் மூடியின் மேல் இருக்கும், திரையில் இருக்காது. பார்க்காமல் கை போகிற இடத்தில் பெரிய ஸ்டாப், சுற்றிலும் வெற்றிடம். ஸ்டார்ட் தள்ளி, சின்னதாக. ஒரே அளவு வைத்தால் உங்கள் படம் அழகாக இருக்கும், அவ்வளவுதான். மூலையில் வைக்கக் கூடாது.

ஆம்பூரான்:
எங்கள் ஊரில் மூலையில்தான் வைத்திருக்கிறோம். நன்றாகத்தான் ஓடுகிறது.

டிரம்மடி:
ஆம்பூரில் ஷூ தைக்கிறீர்கள். டிரம் பேச்சில் என்ன வேலை?

ஆம்பூரான்:
அண்ணே, வாய்க்கு வந்ததைப் பேசாதீர்கள். ஆம்பூரில் டிரம் இல்லையா? எங்கள் பேனல் எல்லாம் கெபாசிட்டிவ், போன் மாதிரி லேசாகத் தொட்டால் போதும்.

டிரம்மடி:
ஈரக் கையுறையோடு தொட்டுவிட்டு அப்புறம் வந்து சொல்லுங்கள். ரெசிஸ்டிவ் என்றால் அழுத்தினால் கேட்கும், கையுறை பற்றிக் கவலை இல்லை.

கிரிட்_காட்பாடி:
எமர்ஜென்சி ஸ்டாப் தனியாகத்தானே இருக்கிறது? திரையில் ஸ்டாப் எங்கே இருந்தால் என்ன?

டிரம்மடி:
இருக்கிறது. மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் பட்டன், தனி வயரில், எமர்ஜென்சி ஸ்டாப்புக்கான ஐ.எஸ்.ஓ 13850 தரநிலை சொல்கிறபடி. அது ஆபத்துக்கு. தினசரி நிறுத்தத்துக்கு அதைக் குத்தச் சொல்கிறீர்களா? ஸ்டார்ட்டுக்குப் பச்சையை விட்டால் கதியில்லை என்று முன்பு சாதித்தவரும் இதே சார்தான். இயந்திர மின்சாதனங்களுக்கான ஐ.ஈ.சி 60204-1 தரநிலை வெள்ளைக்குத்தான் முதலிடம் தருகிறது என்றதும் ஆளைக் காணோம்.

கிரிட்_காட்பாடி:
பச்சைக்கும் அதில் அனுமதி உண்டு. பாதியை மட்டும் சொல்வது உங்கள் பழக்கம். சட்டத்தில் சுண்ணாம்பு வெள்ளைக் கோடு என்றீர்களே, அதற்குப் போட்டோ இருக்கிறதா?

டிரம்மடி:
கம்பெனிக்குள் செல்போன் விட மாட்டார்கள். உள்ளே வந்தவருக்கு அது தெரிந்திருக்கும்.

கிரிட்_காட்பாடி:
ஆதாரம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். மூலைதான்.

டிரம்மடி:
எடுத்துக்கொள்ளுங்கள். மூலையில் வைக்கக் கூடாது.