லெக் பிரஸ்ஸில் 140 கிலோ, ஆனால் தரையில் குந்த முடியவில்லை: எதை மாற்றுவது?

காட்பாடி ஜங்ஷன் கேட்டது:

வயது 41, நாள் முழுக்க நாற்காலி வேலை. ஜிம்மில் வாரம் நாலு நாள், எல்லாமே மெஷின். லெக் பிரஸ் (சாய்ந்து உட்கார்ந்து காலால் எடையைத் தள்ளுவது) 140 கிலோ, லேட் புல்டவுன் 55, செஸ்ட் பிரஸ் 50, எல்லாம் 12 முறை (ரெப்) வீதம் மூன்று செட். எண்கள் ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனால் குந்தினால் குதிகால் தரையை விட்டுத் தூக்கிக்கொள்கிறது. பந்தியில் சம்மணம் போட்டால் சாம்பார் வருவதற்குள் கால் மரத்துவிடுகிறது. காஸ் சிலிண்டரை மாடிக்கு ஏற்றினால் மறுநாள் இடுப்பில் ஒரு பக்கம் பிடிப்பு. அடிபட்டதில்லை, சர்க்கரை, பிரஷர் இல்லை.

ஜிம்மை விடப் போவதில்லை. கூட என்ன சேர்க்கலாம்? செட், ரெப் எண்ணாவிட்டால் முன்னேறுகிறோமா என்று எதை வைத்துப் பார்ப்பது? "யோகா போங்க, வாக்கிங் போங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் அளவோடு சொன்னால் நல்லது.

---

கெண்டைக்கால் பதில்:

லெக் பிரஸ்ஸில் முதுகுக்குச் சாய்மானம் உண்டு, பாரம் தண்டவாளத்தில் ஓடுகிறது, கணுக்கால் பெரிதாக மடங்குவதே இல்லை. எந்தக் கோணத்தில் வேலை வாங்குகிறோமோ அந்தக் கோணத்தை ஒட்டித்தான் பலம் கூடும். குந்துவதற்கு வேண்டிய கோணத்தில் உங்கள் உடம்புக்கு வேலையே கொடுக்கவில்லை. 140 கிலோ பொய்யில்லை, அது வேறு கணக்கு.

பத்துப் பத்தாக மூன்று செட் என்ற வழக்கமே 1940களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் காயம்பட்ட வீரர்களின் கால் பலத்தை மீட்கச் செய்த வேலையிலிருந்து வந்தது. பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையில் முதலில் பாதி, அடுத்து முக்கால், கடைசியில் முழுசு. சோர்ந்துபோன ஒரு தசையைத் தேற்ற அருமையான முறை. மூட்டு எவ்வளவு மடங்குகிறது, எந்தத் திசையில் திரும்புகிறது என்பதை அது அளப்பதில்லை.

முதலில் தடை எங்கே என்று பாருங்கள். வெறுங்காலில் சுவரைப் பார்த்து நில்லுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். தொட்டால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடியும். கடைசியாகத் தொட்ட இடத்தில் பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலில் அளங்கள். 10 செ.மீ. வந்தால் கணுக்கால் குற்றவாளி இல்லை. 5க்குக் கீழே என்றால் பெரும்பாலும் அதுதான் தடை. பாதம் உள்பக்கம் சரிந்தால் தூரம் கூடுதலாகக் காட்டும், அப்படிச் சரிய விடாதீர்கள்.

குந்துவதற்குக் குதிகாலுக்கு அடியில் 2-3 செ.மீ. பலகை வைத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். ஒரு தடவைக்கு 30 விநாடி, நாள் முழுக்கச் சேர்த்து 3 நிமிடம். காலையில் ஒரே மூச்சில் முடிக்காமல் பல் தேய்க்கும்போது ஒன்று, போன் பேசும்போது ஒன்று என்று சிதறவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பலகையின் உயரத்தைக் குறையுங்கள். பாதத்தின் மேலே எறும்பு ஊர்வதுபோல் இருந்தால் உடனே எழுந்துவிட வேண்டும். முழங்காலின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு நசுங்குகிறது. மணிக்கணக்கில் குந்தி வேலை செய்கிறவர்களுக்குப் பாதம் தொங்கிப்போவது இதனால்தான்.

சம்மணத்துக்கு ஒரு மணையோ நாலாக மடித்த போர்வையோ, 6-8 செ.மீ. உயரம். இடுப்பு முழங்காலைவிட மேலே இருந்தால் கூன் விழாது. எந்தக் காலை உள்ளே மடிக்கிறீர்கள் என்பதை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பெரும்பாலோர் எப்போதும் தங்களுக்குப் பழகிய ஒரே பக்கமாகத்தான் மடிப்பார்கள், கவனித்தே இருக்க மாட்டார்கள்.

---

சத்துவாச்சாரி பார்பெல் பதில்:

மேலே சொன்னது சரி. ஆனால் செட், ரெப் என்றாலே ஏதோ பாவம்போல் ஆக்கிவிடாதீர்கள் சார். எங்கள் ஏரியாக்காரர் சதீஷ் சிவலிங்கம் 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் பளுதூக்குதல் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல்) 144 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோள் வரை, பிறகு தலைக்கு மேல்) 173 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். மேடையில் ஒரு தடவை தூக்கினால் போதும். அந்த ஒரு தடவைக்காகப் பயிற்சியில் ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் எண்ணுகிறார்கள். பன்னிரண்டு போட்டால் எட்டாவதிலேயே வேகமும் நிலையும் கெட்டுவிடும். எத்தனை என்பதைவிட எப்போது நிறுத்துவது என்பதுதான் விஷயம்: வேகம் குறைந்தால், முதுகு வளைந்தால், செட் முடிந்தது.

உங்களுக்கு: லெக் பிரஸ்ஸில் ஒரு நாளை எடுத்துவிட்டு காப்லெட் ஸ்குவாட். 8 கிலோ டம்பெல்லை நெஞ்சோடு அணைத்து, மூன்று விநாடியில் இறங்கி, அடியில் இரண்டு விநாடி இருந்து, வேகமாக எழ வேண்டும். ஐந்து முறை போதும். நெஞ்சோடு இருக்கும் எடை பின்னால் விழாமல் காக்கும், அதனால் வெறுங்கையைவிட ஆழமாகப் போக முடியும்.

சிலிண்டர் விஷயம்: உள்ளே காஸ் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்துக் கிட்டத்தட்ட 30. அதை ஒரு தோளிலோ ஒரு கையிலோ தூக்கிப் படி ஏறும்போது எதிர்ப்பக்க இடுப்புத் தசைதான் உடம்பைச் சாயாமல் பிடிக்கிறது. உங்கள் மெஷின் எதுவும் அந்த வேலையைக் கேட்டதில்லை. ஒரு கையில் 10 லிட்டர் வாளி, 40 மீட்டர் நடை; கை மாற்றித் திரும்பி வாருங்கள். தோள் இரண்டும் ஒரே மட்டம், வாளி தொடையில் உரசக் கூடாது. வாரம் மூன்று நாள், கைக்கு இரண்டு நிமிடம். அது சுலபமானதும் 20 லிட்டர் தண்ணீர் கேனைப் பாதி நிரப்பித் தூக்கிப் பாருங்கள். முழுக் கேனில் தண்ணீர் அசைய இடமில்லை. பாதிக் கேன் அலம்பி அலம்பி இழுக்கும், எடை குறைவாக இருந்தும் வேலை கூடும்.

---

கர்லா பதில்:

உடம்பைத் திருப்பிச் செய்கிற பயிற்சியையே யாரும் தொடவில்லையே. கர்லாக்கட்டை (தோளைச் சுற்றிச் சுழற்றும் மரக்கட்டை) வாங்குங்கள், ஒற்றைக் கட்டை, 2 கிலோ. பெரிய கட்டையோடு போட்டோ எடுப்பது அப்புறம். தலைக்குப் பின்னால் கட்டை இறங்கும்போது விலா எலும்பு முன்னால் துருத்தி இடுப்பு வளைந்தால், தோள் திறக்காமல் முதுகு ஈடுகட்டுகிறது என்று அர்த்தம். மூச்சை விட்டு வயிற்றை இறுக்கிக்கொண்டு சுற்றுங்கள். வலது ஒரு நிமிடம், இடது ஒரு நிமிடம், மூன்று சுற்று. மொட்டை மாடியில் செய்யுங்கள், ஹாலில் ஃபேன் இருக்கிறது.

பாரில் தொங்குவதும் நல்லது. பாதம் ஸ்டூலில் லேசாகப் பட்டபடி 20 விநாடியில் தொடங்கலாம்.

---

காட்பாடி ஜங்ஷன்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். சோளிங்கர் மலைப்படி ஏறலாமா? பாலாற்று மணலில் நடப்பது முழங்காலுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

---

கெண்டைக்கால்:

நரசிம்மர் கோயில் உள்ள பெரிய மலைக்கு 1305 படி. ஏறுவது மூச்சுக்கும் தொடைக்கும் நல்ல வேலை. பேச்சு முறியாமல் ஒரு முழு வாக்கியம் சொல்ல முடிகிற வேகத்தில் ஏறுங்கள். மறுநாள் காலில் வலி கொடுப்பது இறக்கம்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. வலி ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். இப்போதுதான் ரோப் கார் வந்துவிட்டதே, முதல் தடவை ஏறிப்போய் அதில் இறங்கிவிடுங்கள். சிலர் நேர்மாறாக ரோப் காரில் போய்ப் படியில் இறங்குகிறார்கள். சுலபமானதை விட்டுவிட்டுக் கஷ்டமானதை எடுத்துக்கொள்கிற கதை. பழக்க வேண்டுமானால் வீட்டு மாடிப்படியில் மூன்று மாடி மெதுவாக இறங்குங்கள், ஒரு வாரம் விட்டு ஆறு. சிறிய அளவில் ஒருமுறை பழகிய தசைக்கு அடுத்த சில வாரங்கள் அவ்வளவு வலிக்காது. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழரைக்குள் முடியுங்கள். வெறுங்காலில் கல் சுடும் என்பது மட்டுமல்ல, வெயிலில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும்.

மணலில் அதே வேகத்தில் நடக்கக் கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகும். மூட்டுக்கு அதிர்ச்சி குறைவு, சரி. ஆனால் குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் குதிநாணும் (கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் நாண்) அதிகம் இழுபடும். தசை சில வாரத்தில் பழகிவிடும், நாணுக்கு மாதக்கணக்கு ஆகும். 10 நிமிடம், வாரம் இரண்டு நாள் போதும்.

என்ன குறித்து வைப்பது என்று முதலில் கேட்டீர்கள். சுவர்த் தூரம் மாதம் ஒருமுறை. குந்தலில் பலகை உயரமும் நிமிடமும். வாளியில் எடை, நேரம், எந்தக் கை முதலில் சாய்ந்தது. ஒரு வரிக்கு மேல் எழுதினால் இரண்டாம் வாரம் நோட்டு பரணுக்குப் போய்விடும்.

---

காட்பாடி ஜங்ஷன்:

சுவர் அளவு எடுத்தேன். இடது 9, வலது 4. இரண்டு காலுக்கும் ஒரே அளவு பயிற்சியா?

---

கெண்டைக்கால்:

இல்லை, வலதுக்கு இரண்டு மடங்கு. அதே சுவர் நிலையில் முழங்காலை முன்னே தள்ளித் தள்ளி எடுங்கள், 15 முறை, தினமும் மூன்று வேளை. இழுப்பு கெண்டைக்காலில் தெரிந்தால் தொடரலாம். கணுக்காலின் முன்பக்கம் கிள்ளுவதுபோல் வலித்தால் தள்ளாதீர்கள். அது தசை இறுக்கமல்ல, மூட்டே இடிக்கிறது. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கையால் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை வலது குதிகாலுக்கு மட்டும் பலகை கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் குந்தும்போது இடுப்பு இடதுபக்கம் நழுவும், சிலிண்டர் பிடிப்பு எந்தப் பக்கம் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.