ரொறன்ரோக் குளிர்காலத்தில் சைக்கிள் சங்கிலிக்கு மெழுகா, எண்ணெயா?

வடகாற்று:
பாரஃபின் மெழுகில் ஒருமுறை முக்கியெடுத்த சங்கிலிக்கு மார்ச் வரை வேறெதுவும் தேவையில்லை என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். பனியை உருக்க உப்புத் தூவும் ரொறன்ரோத் தெருக்களில் ஓட்டுகிறவர்கள் இதை நம்பிவிடக் கூடாது. பனி உருகிய உப்புநீர் மெழுகின் வெடிப்புகளுக்குள் புகுந்துவிட்டால், மறுநாள் காலையிலேயே சங்கிலித் தகடுகளின் ஓரத்தில் செம்மஞ்சளாகத் துரு படிந்திருக்கும். மழைக்காலத்துக்கென விற்கும் கெட்டி எண்ணெய்தான் அங்கே தாக்குப்பிடிக்கும்.

மெழுகுப்பிரியன்:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். உங்கள் கெட்டி எண்ணெய் தெருமணலைப் பிடித்து வைத்துக்கொண்டு, சங்கிலியின் உருளைக்கும், இணைப்புகளைக் கோக்கும் ஊசிக்கும் நடுவே அரைக்கும் சாந்தாக மாறிவிடுகிறது. துரு வெளித்தகட்டில் படிவது, தேய்மானம் ஊசியில் நிகழ்வது; ஊசி தேயத் தேயச் சங்கிலி நீளும். 12 கியர்ச் சங்கிலி 0.5 விழுக்காடு நீண்டாலே மாற்றியாக வேண்டும்.

வடகாற்று:
வெளித்தகட்டோடு நின்றுவிடும்படி உப்பிடம் நீங்கள் சொல்லி வைத்திருக்கிறீர்களா? தெருவில் தெளிக்கும் கலவையில் கால்சியம் குளோரைடு இருந்தால், அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துச் சங்கிலியை உலரவே விடாது. எண்ணெய் விட்டபின் வெளிப்புறத்தைத் துணியால் அழுத்தித் துடைத்தால், உங்கள் சாந்துக்கு அங்கே இடமில்லை. துடைக்கச் சோம்பல்படுகிறவர்கள் எண்ணெயைக் குறைசொல்ல வேண்டாம்.

பழையசைக்கிள்:
இருவரும் ஏன் இவ்வளவு செலவழிக்கிறீர்கள்? நான் டபிள்யூடி-40 மட்டுமே அடிக்கிறேன்.

வடகாற்று:
அண்ணா, 1953இல் உருவான அந்தத் திரவம் நீரை விலக்கித் துருவைத் தடுப்பதற்கானது. அதன் மெல்லிய படலம் உப்புச் சேற்றில் நிற்காது. சென்ற ஆண்டு மட்கார்ட் வேண்டாம் என்று வாதிட்டவரும் நீங்கள்தான். முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு நேரே சங்கிலியில் விழுகிறது என்று அன்றே எழுதினேன்.

பழையசைக்கிள்:
மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே பனி இறுகிச் சக்கரமே சுற்றாமல் நின்றதை நான் எழுதியபோது, நீங்கள் பதிலே தரவில்லை.

மெழுகுப்பிரியன்:
மட்கார்டை விடுங்கள். ஊசி துருப்பிடித்ததைக் கழற்றிக் காட்டுங்கள் என்கிறேன். வடகாற்றோ தகட்டையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்.

வடகாற்று:
தகட்டில் ஏறிய நீர் ஊசிக்குப் போகாது என்பதை நீங்கள்தான் நிறுவ வேண்டும். மெழுகு பூசிய உங்கள் சங்கிலியை ஈரத்தோடு ஓரிரவு வெளியே நிறுத்திவிட்டு, காலையில் ஒவ்வொரு இணைப்பாக மடக்கிப் பாருங்கள். இறுகி நிற்கும் இணைப்பைப் பிறகு வெளித்தகட்டுத் துரு என்று சொல்லாதீர்கள்.

மெழுகுப்பிரியன்:
இறுகினால் அது ஒழுங்காகக் கழுவாமல் மெழுகு பூசிய சங்கிலி. என்னுடையது இறுகாது.