விசார் படத்தில் கோடுகள் தாவும் இடத்தை எப்படிப் படிப்பது? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எம்.எஸ்சி இயற்பியல் ப்ராஜெக்டுக்கு, லேசரால் நசுக்கப்படும் அடர் பிளாஸ்மாவை அளக்கும் கருவிகளை எடுத்திருக்கிறேன். நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் உள்ள ஒமேகா லேசரின் 60 கற்றைகள், சுமார் 30 கிலோஜூல் ஆற்றலோடு ஒரு கடுகளவு உருண்டையின் மேல் பாய்வதுவரை புரிந்துவிட்டது. சிக்கல் அதிர்வலையின் வேகத்தை ஒளியால் அளக்கும் விசார் (VISAR) கருவியில்தான்.

லேசர் கிளப்பும் அதிர்வலையின் முகப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் டாப்ளர் மாற்றத்தைக் குறுக்கீட்டுக் கோடுகளாக்கி நேரம் போகப் போக ஒளி மாறுவதை ஒரே படமாக்கும் ஸ்ட்ரீக் கேமராவில் பதிவார்கள். பயிற்சிக்கு என்னிடம் தந்த படத்தில் கோடுகள் நேராக ஓடிவந்து, அதிர்வலை இலக்கிலுள்ள குவார்ட்ஸ் தகட்டுக்குள் நுழைந்த கணத்தில் பிளேடால் வெட்டியதுபோல் அறுந்து, வேறு உயரத்தில் மறுபடி தொடங்கி மெதுவாகச் சரிகின்றன. எத்தனை முழுக் கோடு தாவியது என்று படம் சொல்லாது, மிச்சப் பின்னம் மட்டும்தான் தெரியும். அதனால்தான் வெவ்வேறு தடிமன் எட்டலான் (ஒளியைச் சற்றுத் தாமதிக்கும் கண்ணாடிக் கட்டை) கொண்ட இரண்டு விசார்களை வைத்து, இரண்டிலும் ஒத்துவரும் வேகத்தை எடுக்கிறார்கள். எனக்கோ இரண்டு வேகங்கள் ஏறக்குறைய ஒரே அளவில் பொருந்துகின்றன. குவார்ட்ஸின் ஒளிவிலகல் எண்ணால் வகுத்தாயிற்று, அப்படியும் தீரவில்லை.

இந்த இரண்டில் எது சரி என்று பார்க்க, குவார்ட்ஸின் தடிமன் தெரியும், அலை கடந்த நேரமும் படத்தில் இருக்கிறது. ஆனால் அலை போகப் போக வேகம் குறைகிறதே, வெறும் சராசரி போதுமா, இல்லை வேக வளைகோட்டைத் தொகையிட்டுத் தடிமனோடு ஒப்பிட வேண்டுமா? அப்புறம், ஃபூரியர் முறையில் கோடுகளின் அலைக்கட்டத்தை (phase) பிரித்தெடுக்கும் பைத்தான் நிரல் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். அறுந்த இடத்துக்குப் பக்கத்தில் கோடுகள் மங்கலாக இருப்பதால் என் நிரல் அங்கேயே தடுமாறுகிறது.