காரைக்குடிப் பக்கம் ஆட்டிசப் பிள்ளைகளைப் புரிந்து மதிப்பீடு செய்பவர் இருக்கிறாரா?

வணக்கம். ஏழாவது படிக்கும் என் மகனுக்காகக் கேட்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, மதுரை வட்டாரத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் மதிப்பீடு செய்கிற உளவியலாளர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

முன்பு ஓரிடத்தில் பினே-காமத் என்ற அறிவுத்திறன் டெஸ்ட் எடுத்தார்கள். ஃபேன் சத்தம் அவனுக்கு ஆகவில்லை, பாதிக் கேள்விகளுக்குப் பதிலே சொல்லவில்லை. கடைசியில் ஒரே ஒரு ஐக்யூ எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆத்தங்குடிக் கல் டிசைனை ஒருமுறை பார்த்துவிட்டு நோட்டில் அப்படியே வரைகிற பிள்ளை! அது அந்த அறிக்கையில் எங்குமே இல்லை.

இந்தப் பிள்ளைகளில் பலருக்கு மொழித்திறன், காட்சித்திறன், வேகம் எல்லாம் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. வெக்ஸ்லர் என்ற இன்னொரு அறிவுத்திறன் டெஸ்டில் இவற்றுக்கு மதிப்பெண் தனித்தனியாக வரும். இடைவெளி பெரிதாக இருந்தால் மொத்த ஐக்யூவை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியில்லை. பேச்சு அதிகம் தேவைப்படாத, வடிவப் புதிர்களைக் கொண்ட ரேவன் மேட்ரிக்ஸ் டெஸ்டில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வெக்ஸ்லரைவிட நன்றாகச் செய்ததை 2007-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

அதனால் தமிழில் பேசி, இடையிடையே எழுந்து நடக்க விட்டு, கண்ணைப் பார் என்று வற்புறுத்தாமல் செய்பவர் வேண்டும். அவன் பலம் என்ன, எங்கே உதவி தேவை, வகுப்பில் எதை மாற்றலாம் என்று பள்ளிக்குப் புரிகிற மாதிரி எழுதித் தர வேண்டும்.

அப்புறம், சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் இருக்கிற நிப்மெட்டுக்கு (பல்வகை மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம்) போய் வந்தவர்கள் இருந்தால் கட்டணம், காத்திருக்கும் காலம் பற்றிச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்க எந்தச் சான்றிதழ் கொடுத்தீர்கள் என்பதும் தெரிய வேண்டும்.